உள்ளே என்ன இருக்கிறது? – கணினியைத் தந்த வினாக்கள்

 

பேசக் கற்ற குழந்தை விரைவில் கற்றுக்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘ஏன்’ என்பதாகும். மழை ஏன் பெய்கிறது? பால்மரத்தின் பட்டையைச் சீவினால் வெள்ளைப் பால் ஏன் வடிகிறது? வானொலிப் பெட்டிக்குள் பேசுகின்றவர் எங்கே அமர்ந்திருக்கிறார்? இவ்வாறு நாள்தோறும் வினாமாரி பொழியும் குழந்தை, பள்ளிக்கு வந்து மூன்று நான்கு ஆண்டுகள் சென்றதும் வாய்மூடி அமர்ந்துவிடுகிறது. அதன்பின் வினாக் கேட்பவர் ஆசிரியர், விடை கூறுபவர் மாணவர் என்றாகிவிடுகிறது. குழந்தையிடமிருந்த அவ்வினாக்கள் எங்கே போயின? ஆசிரியனாகிய நான் பல்லாண்டுகள் எண்ணிப் பார்க்கத் தவறிய கேள்வி இது.

இன்று தோட்டத்து வீடுகளிலும் கைத்தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவி ஒரு கணினியே ஆகும். அது ஒரே நாளில் ஒரே அறிஞரால் உருவாக்கப்பட்டதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பலர் கேட்ட வினாக்களே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இன்று கணினியாக நம்முன் நிற்கின்றன. அவர்களுள் ஐவரை இக்கட்டுரையில் காண்போம். அவர்கள் எத்தகைய குழந்தைகளாக இருந்தார்கள் என்பதையும், அவர்தம் வினாவை அணையாமல் காத்தவர் யாவர் என்பதையும் சேர்த்தே காண்போம்.

1. பொம்மையை உடைத்த சிறுவன்

சார்லஸ் பாபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் வங்கித் தொழில் செய்த செல்வர். சிறுவன் பாபேஜுக்குப் புதிய பொம்மை எது கிடைத்தாலும் அவன் தன் தாயிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: இதன் உள்ளே என்ன இருக்கிறது? தாயார் கூறும் விடை மனநிறைவு தராவிட்டால் பொம்மையை உடைத்துப் பார்த்துவிடுவானாம். இதனை அவரே முதுமையில், 1864ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

அத்தாயார் மகனைக் கடிந்து ஒடுக்கிவிடவில்லை. மெர்லின் என்பார் இலண்டனில் நடத்திய எந்திரப் பொருட்காட்சிக்கு அவனை அழைத்துச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஓர் அடி உயரமுள்ள வெள்ளி நங்கை ஒருத்தி, எந்திர விசையால் நடனமாடக் கண்டு சிறுவன் மெய்ம்மறந்து நின்றான். பல ஆண்டுகளுக்குப் பின் அப்பதுமை ஏலத்திற்கு வந்தபோது, அறிஞராகிவிட்ட பாபேஜ் அதனை விலைக்கு வாங்கித் தம் கைகளாலேயே பழுதுபார்த்து வீட்டுக் கூடத்தில் வைத்தார். சிறு வயதில் கொண்ட வியப்பை நடுத்தர வயதிலும் அவர் கைவிடவில்லை.

அக்காலத்தில் கப்பலோட்டிகளும் பொறியாளர்களும் வானியலாரும் அச்சிட்ட கணித அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றைக் கணக்கிட்டவர்கள் மனிதர்கள். எழுதியவர்களும் அச்சுக் கோத்தவர்களும் மனிதர்களே. ஆகவே பிழைகள் மலிந்திருந்தன. எண் ஒன்று பிழையானால் கடலில் கப்பல் திசை மாறிவிடும். 1821ஆம் ஆண்டில் பாபேஜும் அவர்தம் நண்பர் ஜான் ஹெர்ஷலும் அத்தகைய அட்டவணைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தனர். பிழைமேல் பிழை கண்டு சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளை நீராவியைக் கொண்டு செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணினார். அவ்வெண்ணமே வாழ்நாள் முழுவதும் அவரை ஆட்கொண்டது.

எந்திரம் எவ்வாறு கணக்குச் செய்யும்? மாணவர்களே, ஒரு தாளை எடுத்து இதனைச் செய்து பாருங்கள். 1, 4, 9, 16, 25 என்பன முதல் ஐந்து எண்களின் வர்க்கங்கள். அடுத்தடுத்த எண்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை எழுதுங்கள்: 3, 5, 7, 9. இவற்றிடையே உள்ள வேறுபாடுகளை எழுதுங்கள்: 2, 2, 2. எல்லாம் ஒன்றே! இனிப் பின்னோக்கி வாருங்கள். 9 உடன் 2 கூட்டினால் 11. 25 உடன் 11 கூட்டினால் 36. ஆறின் வர்க்கம் கிடைத்துவிட்டது. பெருக்கல் எங்குமே செய்யவில்லை. பெருக்கல் அறியாத பற்சக்கரமும் கூட்டல் மட்டும் செய்து அட்டவணையை நிரப்பிவிடும் அல்லவா? வேறுபாட்டு எந்திரம் என்று பாபேஜ் பெயரிட்ட கருவியின் மறைபொருள் இதுவே.

இங்கிலாந்து அரசு அவ்வெந்திரத்திற்காக 17,000 பவுனுக்கு மேல் செலவிட்டும் அது முற்றுப்பெறவில்லை. அதற்குள் பாபேஜின் உள்ளம் அதனினும் பெரியதொன்றை நாடியது. கட்டளைக்கேற்ப எவ்வகைக் கணக்கையும் செய்யவல்ல பகுப்பாய்வு எந்திரம் ஒன்றை 1834ஆம் ஆண்டு முதல் வரையத் தொடங்கினார். எண்களைச் சேமித்து வைக்க ஒரு களஞ்சியம், அவற்றை அரைத்து விடை தர ஓர் ஆலை என இரு பகுதிகள் அதில் இருந்தன. கட்டளைகளைத் தருவதற்குத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். பட்டில் பூவேலை நெய்வதற்காகப் பிரெஞ்சு நாட்டு ஜாக்கார்டு அமைத்த தறியிலிருந்து பெற்ற கருத்து அது. ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜாக்கார்டின் உருவப்படம் ஒன்றைப் பாபேஜ் பெருமையோடு வைத்திருந்தார். நெசவாளியின் தறியிலிருந்து கணிதத்திற்குப் பாலம் அமைத்த அறிவை என்னென்பது!

1871ஆம் ஆண்டில் பாபேஜ் மறைந்தபோது அவர்தம் பேரெந்திரங்களுள் ஒன்றும் முடிக்கப்பட்டிருக்கவில்லை. தோல்வியுற்றார் என்றே பலரும் கருதினர். ஆயினும் அவர் விட்டுச் சென்ற வரைபடங்களைக் கொண்டு, இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அவருடைய இரண்டாம் வேறுபாட்டு எந்திரத்தின் கணக்கிடும் பகுதியை 1991ஆம் ஆண்டில் கட்டி முடித்தனர். அது பிழையின்றிக் கணக்கிட்டது. நல்ல வினா அதனைக் கேட்டவரோடு மடிந்துவிடுவதில்லை.

2. பறக்க விரும்பிய சிறுமி

அடா லவ்லேஸ் 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற கவிஞர் பைரன். மகள் பிறந்து ஏறத்தாழ ஒரு திங்களில் பெற்றோர் பிரிந்தனர். கணிதத்தில் ஈடுபாடு கொண்ட தாயார், பெண்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்ட அந்நாளில் தம் மகளுக்கு ஆசிரியர்களை அமர்த்திக் கணிதமும் அறிவியலும் கற்பித்தார்.

பன்னிரண்டாம் வயதில் அடாவிற்கு ஓர் ஆசை பிறந்தது. தான் பறக்க வேண்டும் என்பதே அது. ஆசையோடு நின்றுவிடவில்லை. பறவையின் உடலுக்கும் சிறகிற்கும் உள்ள அளவுப் பொருத்தத்தை ஆராய்ந்தாள். எப்பொருளால் சிறகு செய்யலாம் என்று ஆய்ந்தாள். மறு ஆண்டில் தட்டம்மை நோய் கண்டு நடக்க இயலாமல் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தபோதும் படிப்பை விடவில்லை.

1833ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில் பாபேஜைச் சந்தித்தார். மற்றவர்கள் வேறுபாட்டு எந்திரத்தின் மாதிரியை விந்தைப் பொருளாகப் பார்த்து நகர்ந்தனர். அடாவோ அது இயங்கும் விதத்தை அறிய விழைந்தார். பகுப்பாய்வு எந்திரத்தைப் பற்றி இத்தாலிய அறிஞர் மெனாப்ரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை 1843ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்து, அதனோடு தம் குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். அக்குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டவை. பெர்னூலி எண்கள் என்னும் எண்வரிசையை எந்திரம் கணக்கிட வேண்டிய முறையைப் படிப்படியாக அவற்றுள் அட்டவணையிட்டிருந்தார். அச்சில் வெளிவந்த முதல் கணினி நிரல் அதுவே எனப் பலர் போற்றுகின்றனர்.

அதனினும் சிறந்தது அவருடைய தொலைநோக்கு. எந்திரம் எண்களை மட்டும் கையாளும் என்றே ஏனையோர் எண்ணினர். விதிகளால் குறிக்கக்கூடிய எதனையும், இசையையுங்கூட, எந்திரம் கையாள முடியும் என்று அடா எழுதினார். முப்பத்தாறாம் வயதில் 1852ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். இன்று நாம் கணினியில் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் அவர் கண்ட கனவையே கேட்கின்றோம்.

3. செருப்புத் தைப்பவர் மகன்

அடா பிறந்த அதே 1815ஆம் ஆண்டில், நவம்பர் 2ஆம் நாள், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஜார்ஜ் பூல் பிறந்தார். பாபேஜுக்குச் செல்வமும் அடாவிற்குக் குலப்பெருமையும் இருந்தன. பூலுக்கு இரண்டுமில்லை. தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. தோட்டப்புறத்தில் பிறந்த நம் பிள்ளைகள் இவர் வரலாற்றை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

அத்தந்தைக்குத் தொழிலைவிட அறிவியலில் நாட்டம் மிகுதி. தொலைநோக்கி முதலான கருவிகளைத் தாமே செய்தார். மகனையும் அருகில் அமர்த்திக் கணிதம் சொல்லித் தந்தார். தமக்குத் தெரிந்தது தீர்ந்ததும், இலத்தீன் மொழி கற்பிக்குமாறு அவ்வூர்ப் புத்தகக் கடைக்காரரிடம் மகனை ஒப்படைத்தார். கிரேக்க மொழியைச் சிறுவன் தானே கற்றான். பதினான்காம் வயதில் கிரேக்கக் கவிதை ஒன்றை அவன் மொழிபெயர்க்க, தந்தை அதனை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிடச் செய்தார். இவ்வயதுச் சிறுவன் இதனை எழுதியிருக்க முடியாது என்று பள்ளியாசிரியர் ஒருவர் மறுத்தாராம். திறமையைக் கண்டதும் ஐயுறுவது எந்நாட்டு ஆசிரியருக்கும் உள்ள குறைபோலும்!

தந்தையின் தொழில் நொடித்தது. பதினாறாம் வயதில் குடும்பப் பாரத்தைச் சுமக்கத் துணிந்த பூல், டான்காஸ்டர் என்னும் ஊரில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். பத்தொன்பதாம் வயதில் சொந்தப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, இரவில் உயர்கணிதம் கற்றார். கையில் காசு குறைவு. கணித நூலை முடிக்கப் பிற நூல்களைவிட நெடுநாள் ஆகும். ஆதலால் ஒரு நூலின் விலைக்குப் பலநாள் படிப்புக் கிடைக்கும் என்றே அவர் கணித நூல்களைத் தேர்ந்தார் என்றும் கூறுவர். வறுமையும் சில வேளைகளில் நல்வழி காட்டும் போலும்.

டான்காஸ்டரில் வயல்வெளி ஒன்றைக் கடந்து செல்லும்போது இளைஞர் பூலின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. எண்களுக்கு விதிகள் உள்ளனவே. மனிதனின் சிந்தனைக்கும் அவ்வாறு விதிகள் உண்டோ? அவற்றைக் கணக்கைப் போல எழுத இயலுமோ? இவ்வினா பல்லாண்டுகள் அவருள்ளே கனன்றது. 1847இல் ஒரு சிறு நூலாகவும், 1854இல் ‘சிந்தனையின் விதிகள்’ என்னும் பெருநூலாகவும் அதன் விடை வெளிவந்தது.

அதன் சாரத்தை எளிய எடுத்துக்காட்டால் விளக்குவேன். மந்தையிலிருந்து கறுப்பு ஆடுகளை மட்டும் பிரித்தெடுங்கள். பிரித்த ஆடுகளிலிருந்து மீண்டும் கறுப்பு ஆடுகளைப் பிரித்தெடுங்கள். என்ன கிடைக்கும்? அதே ஆடுகள்தாம். இருமுறை பிரித்தாலும் ஒருமுறை பிரித்ததற்குச் சமம். ‘பிரித்தல்’ என்பதைப் பெருக்கலாகக் கொண்டால், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும்போது அதே எண் வரவேண்டும். எந்தெந்த எண்களுக்கு அவ்வாறு வரும்? இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு, பொருந்தாது. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று, பொருந்தும். சுழியைச் சுழியால் பெருக்கினால் சுழி, அதுவும் பொருந்தும். ஆகவே இக்கணிதத்திற்கு 0, 1 என்னும் இரண்டே எண்கள் போதும் என்று பூல் கண்டார். உண்மை என்றால் 1. பொய் என்றால் 0.

பல்கலைக்கழகத்தின் படியை மாணவராக மிதியாத இப்பள்ளியாசிரியரை, 1849ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் புதிதாகத் தொடங்கிய கல்லூரி கணிதப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. 1864ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் கொட்டும் மழையில் நடந்தே கல்லூரிக்குச் சென்ற பூல், நனைந்த உடையுடன் பாடம் நடத்தினார். அதனால் நோயுற்று டிசம்பர் 8ஆம் நாள், 49ஆம் வயதில் உயிர் நீத்தார். மாணவர் காத்திருப்பர் என்பதற்காக மழையையும் பொருட்படுத்தாத ஆசிரியர் அவர். அவர் கண்ட கணிதத்தால் என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால், அவராலுங்கூட முழு விடை கூறியிருக்க முடியாது. விடை பிறக்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

4. முள்கம்பியில் பேசிய சிறுவன்

கடல் கடந்து அமெரிக்காவிற்குச் செல்வோம். மிச்சிகன் மாநிலத்துக் கேலார்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் கிளாட் ஷானன். 1916ஆம் ஆண்டில் பிறந்தவர். அரை மைல் தொலைவிலிருந்த நண்பனுடன் பேச விரும்பிய சிறுவன் ஷானன், இடையே வேலியாக ஓடிய முள்கம்பியையே தந்திக் கம்பியாக மாற்றிக்கொண்டான். கண்முன் கிடந்த வேலி மற்றவர்க்கு வெறும் வேலி. அவனுக்கோ செய்தி செல்லும் பாதை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது தத்துவ வகுப்பில் பூலின் கணிதத்தை ஷானன் அறிந்தார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பெரிய கணக்கிடும் எந்திரத்தைப் பராமரிக்கும் பணி கிடைத்தது. அதில் ‘ரிலே’ எனப்படும், மின்சாரத்தால் தாமே திறந்து மூடும் சுவிட்சுகள் ஏறத்தாழ நூறு இருந்தன. அவற்றைப் பார்த்தபோது பழைய பாடம் நினைவிற்கு வந்தது. சுவிட்சு மூடியிருந்தால் மின்சாரம் பாயும், அது 1. திறந்திருந்தால் பாயாது, அது 0. பூலின் சிந்தனைக் கணிதமும் சுவிட்சுகளின் இணைப்பும் ஒன்றே அல்லவா! 1937ஆம் ஆண்டில், 21 வயதில், இதனையே முதுகலை ஆய்வேடாக எழுதினார். இன்றைய கணினிகள் அனைத்திற்கும் அஃது அடிப்படையாயிற்று.

இதனையும் நாம் வீட்டருகே காணலாம். ஒரே தண்ணீர்க் குழாயில் அடுத்தடுத்து இரண்டு அடைப்பான்கள் உள்ளன எனக் கொள்வோம். முதலாவதும் இரண்டாவதும் திறந்திருந்தால் மட்டுமே தண்ணீர் வரும். இது ‘உம்’ என்னும் இணைப்பு. இரண்டு தனித்தனிக் குழாய்கள் ஒரே வாளியில் விழுகின்றன எனக் கொள்வோம். முதலாவதோ இரண்டாவதோ திறந்திருந்தாலே வாளி நிறையும். இது ‘ஓ’ என்னும் இணைப்பு. ‘உம்’, ‘ஓ’, இவற்றோடு ‘அல்ல’ என்னும் மறுப்பு ஆகிய மூன்றையும் கோடிக்கணக்கில் பின்னினால் கணினி ஆகிறது. இன்றைய கைத்தொலைபேசியின் உள்ளே நகமளவு சில்லில் பல நூறு கோடிச் சுவிட்சுகள் உள்ளன. உள்ளே என்ன இருக்கிறது என்ற வினாவிற்கு இதுவே விடை.

1948ஆம் ஆண்டில் செய்தியை அளந்து கூறும் கோட்பாட்டை வெளியிட்டு உலகப் புகழ் எய்திய பிறகும் ஷானன் விளையாட்டை விடவில்லை. வழிகாண் கட்டங்களுக்குள் ஓடி, சரியான வழியை நினைவில் கொள்ளும் எந்திர எலி ஒன்றை 1950ஆம் ஆண்டில் செய்தார். ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டினார். பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பதிலும் கணிதம் தேடினார். சுவிட்சைப் போட்டால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளிவந்து அச்சுவிட்சை அணைத்துவிட்டு மறையும் பெட்டி ஒன்றையும் செய்து வைத்திருந்தார். பயன் என்ன என்று கேட்டால் சிரிப்பதைத் தவிர வேறில்லை. ஆனால் சிரித்தபடி கற்கும் உள்ளம் முதுமை எய்துவதில்லை.

5. ஏழு கடிகாரங்களைப் பிரித்த சிறுமி

இறுதியாகக் கிரேஸ் ஹாப்பர். 1906ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த இவருக்கு ஏழு வயதில் ஓர் ஐயம்: அலாரக் கடிகாரம் எவ்வாறு உரிய நேரத்தில் மணியடிக்கிறது? ஒன்றைப் பிரித்தாள், மீண்டும் பூட்டத் தெரியவில்லை. அது எவ்வாறு இருந்தது என்று பார்க்க மற்றொன்றைப் பிரித்தாள். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தன. தாயார் கண்டுபிடித்தார். என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? இனி ஒரே ஒரு கடிகாரத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லை வகுத்தார். கடிகாரங்களைக் காத்தார், வினாவையும் காத்தார்.

அச்சிறுமி 1934ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து, 1944ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த 51 அடி நீளமுள்ள மார்க் 1 கணினியில் பணியாற்றினார். 1947ஆம் ஆண்டில் அதன் அடுத்த எந்திரமான மார்க் 2 பழுதுபட்டபோது, ரிலே ஒன்றில் சிக்கி இறந்துகிடந்த விட்டில் பூச்சியைப் பணியாளர்கள் கண்டெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அக்கதையை ஹாப்பர் செல்லுமிடமெல்லாம் சொல்லி மகிழ்வார்.

அந்நாளில் கணினிக்குக் கட்டளை எழுதுவதென்றால் எண்களாகவே எழுத வேண்டும். மனிதர் ஏன் எந்திரத்தின் மொழியில் பேச வேண்டும்? மனித மொழியை எந்திரமே தனக்குரிய எண்களாக மாற்றிக்கொள்ளலாகாதா? இது ஹாப்பர் கேட்ட வினா. கணினி கணக்கு மட்டுமே செய்யும் என்று பலர் நகைத்தனர். அவரோ 1952ஆம் ஆண்டில் கட்டளைகளை மாற்றித் தரும் நிரல் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். இன்று நிரல் எழுதுவோர் அனைவரும் அவர் வெட்டிய பாதையில் நடப்போரே.

ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளை அவர் கூட்டங்களில் வழங்குவார். நூறு கோடியில் ஒரு பங்கு நொடியில் ஒளி செல்லும் தொலைவு அது. கண்ணுக்குத் தெரியாத நேரத்தைக் கையில் பிடித்துக் காட்டிய நல்லாசிரியர் அவர். அவர் அறையில் முட்கள் எதிர்த்திசையில் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்று கூறுவோர்க்கு, வேறு விதமாகவும் செய்யலாம் என்று அது காட்டியது. 1986ஆம் ஆண்டில் 79 வயதில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1992ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார்.

என் பிழை

ஹாப்பரின் வரலாற்றை நான் முதன்முதலாகப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைக் கூறிவிடுகிறேன்.

பல்லாண்டுகளுக்கு முன்பு, வேறொரு தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியராக இருந்தேன். வகுப்பறைச் சுவரில் இருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. ஓய்வு நேரம் முடிந்து உள்ளே வந்தபோது, மாணவன் ஒருவன் அதனைக் கழற்றித் தரையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். “சார், இதிலே ஒரு சக்கரத்துக்குப் பல் போயிருக்கு” என்று முகம் மலரச் சொன்னான். பள்ளிப் பொருளைப் பாழாக்கினாய் என்று சினந்து, வகுப்பின் முன்னிலையில் அவனை அடித்தேன். அன்று மாலை பொருள்களைக் கூட்டி அள்ளும்போதுதான் கண்டேன். பயிற்சித்தாள் ஒன்றின்மேல் சக்கரங்களை அவன் கழற்றிய வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலால் 1, 2, 3 என்று எண் இட்டிருந்தான். மீண்டும் பூட்டுவதற்காகவே அவன் பிரித்திருக்கிறான்!

நான் அவனிடம் ஒன்றும் கூறவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற தயக்கம். ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும்வரை அவன் என்னிடம் ஒரு வினாவும் கேட்டதில்லை. பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியலை நன்கு கற்றுத் தேர்ச்சி பெற்றவன்தான் நான். ஹாப்பரின் தாயார் அறிந்திருந்ததை நான் அறியவில்லை.

நாம் செய்யத்தக்கது

ஐவரின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குங்கள். ஒருவர் செல்வர் மகன். ஒருவர் செருப்புத் தைப்பவர் மகன். ஒருவர் பல்கலைக்கழகம் பயின்றவர். ஒருவர் தாமே கற்றவர். இருவர் பெண்டிர். இவர்களை இணைப்பது செல்வமன்று, குலமன்று, பட்டமுமன்று. குழந்தைப் பருவத்தில் எழுந்த வினாவை இறுதிவரை கைவிடாமையே இவர்களை இணைக்கின்றது. அவர்களுள் பலர்க்குப் பின்னால், பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்ற ஒரு தாயோ, புத்தகக் கடைக்காரரிடம் ஒப்படைத்த ஒரு தந்தையோ, ஒரு கடிகாரத்தை விட்டுக்கொடுத்த ஒரு தாயோ நின்றிருக்கின்றனர். கல்வியை மணலில் தோண்டும் கேணிக்கு ஒப்பிட்டார் வள்ளுவப் பெருந்தகை. தோண்டும் கையைத் தட்டிவிட்டால் நீர் எவ்வாறு ஊறும்?

பெற்றோர்களே, எல்லா வினாக்களுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. ‘எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம்’ என்று கூறினாலே போதும். அதற்குப் படிப்பு வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். இன்று கைத்தொலைபேசியைக் கேட்டால் நொடியில் விடை வந்துவிடுகிறது. விடை எளிதாகக் கிடைக்கும் காலத்தில் வினாவே அரும்பொருள் என்பதை மறவாதீர்கள்.

நம் பள்ளி நூலகத்தின் மூலையில் மரப்பெட்டி ஒன்று இருப்பதை மாணவர்கள் அறிவர். பழுதான கடிகாரம், பழைய வானொலி, கெட்டுப்போன டார்ச் விளக்கு முதலியவை அதில் உள்ளன. வாரம் ஒருநாள் ஆசிரியர் முன்னிலையில் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். விதிகள் மூன்றே: மின்சாரத்தோடு இணைந்த எதனையும் தொடலாகாது, கழற்றிய வரிசையில் எண் இட்டு அடுக்குதல் வேண்டும், கண்டதை ஏட்டில் வரைதல் வேண்டும். இரண்டாம் விதியை எனக்குக் கற்பித்தவன் யார் என்பதை இப்போது அறிவீர்கள். வீட்டில் பழுதாகிக் கிடக்கும் சிறு பொருள்கள் இருப்பின், எறிந்துவிடாமல் பள்ளிக்கு அனுப்பி வைக்கும்படி பெற்றோர்களை வேண்டுகிறேன்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் கேட்கும் வினா சிறியது என்று நாணாதீர்கள். இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்ட சிறுவனின் வினாவிலிருந்துதான் இவ்வளவும் வளர்ந்தது. உங்கள் வினாவோடு என் அறைக்கு வாருங்கள். கதவு திறந்தே இருக்கும்.

செய்து பார்க்க:

1. முதல் பத்து எண்களின் கனங்களை (1, 8, 27, 64 ...) எழுதுக. எத்தனை முறை வேறுபாடு எடுத்தால் எல்லாம் ஒரே எண்ணாக வரும்? அந்த எண் யாது?

2. ஒரு கையின் பெருவிரலுக்கு 1, அடுத்த விரல்களுக்கு முறையே 2, 4, 8, 16 என மதிப்புக் கொடுக்க. நீட்டிய விரல்களின் மதிப்பை மட்டும் கூட்டுக. ஐந்து விரல்களால் 31 வரை எண்ண முடிவதைக் காண்க. பத்து விரல்களால் எதுவரை எண்ணலாம்?

3. உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க. அதன் உள்ளே என்ன இருக்கக்கூடும் என்று முதலில் நீங்களே எண்ணி வரைக. பின்னர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, உங்கள் படத்தைத் திருத்துக.